கல்லுக்கு அடியில் ஒரு வீடு

விடியற்காலை நேரம். கடல் வெகுதூரம் பின்வாங்கியிருக்கிறது. புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவாவில், சில மணி நேரத்துக்கு முன்பு நீருக்குள் மூழ்கியிருந்த பாறைகள் இப்போது ஈரத்துடன் வெளியே தெரிகின்றன. பாறைகளுக்கு இடையே ஆங்காங்கே நீர் தேங்கி நிற்கிறது. அவற்றுள் ஒரு குட்டை, சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றே பெரியது. முதல் பார்வைக்கு அதில் மணலும் பாசியும் ஒரு தட்டைக் கல்லும் மட்டுமே தெரிகின்றன. ஆனால், பார்ப்பவரின் நிழல் நீரில் விழுந்ததும் மணலின் ஒரு பகுதி அசைகிறது. அது மணல் அன்று. விரல் நீளமே உள்ள ஒரு மீன். கண்ணிமைக்கும் நேரத்தில் அது கல்லுக்கு அடியில் நுழைந்து மறைந்துவிடுகிறது.

அந்தக் கல்லைக் கையால் தூக்கிப் புரட்டிவிடலாம். அதற்குச் சில நொடிகள் போதும். அந்தச் சில நொடிகளில் மீனுக்கு என்ன நேர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், பாறைக் கரைகளை ஏன் பாதுகாக்கிறார்கள் என்பதும் விளங்கும்.

ஏறி இறங்கும் கடலோரம்

கடல்நீர் ஏறுவதையும் இறங்குவதையும் ஓதம் என்கிறோம். நிலவும் சூரியனும் கடல்நீரை ஈர்ப்பதால் ஓதம் உண்டாகிறது. சிங்கப்பூரில் நாளொன்றுக்குப் பெரும்பாலும் இரண்டு முறை நீர் ஏறுகிறது. இரண்டு முறை இறங்குகிறது. முழுநிலவு நாளையும் அமாவாசையையும் ஒட்டி, நீர்மட்டம் ஏறத்தாழ 3 மீட்டர் வரை மாறுகிறது. நீர் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளியே தெரியும் கரைப்பகுதியை ஓதப் பகுதி எனலாம்.

ஓதப் பகுதியில் வாழ்வது எளிதன்று. நீர் இறங்கியதும் குட்டையில் சிக்கும் மீன், அடுத்த சில மணி நேரத்தை அந்தச் சிறிதளவு நீரிலேயே கழிக்க வேண்டும். நண்பகல் வெயிலில் குட்டையின் நீர் வெகுவாகச் சூடேறும். நீர் ஆவியாவதால் உப்பும் கூடும். பெருமழை பெய்தால் அதே குட்டையில் உப்பு திடீரெனக் குறையும். இரவில் பாசிகள் உயிர்வாயுவை வெளியிடுவதில்லை. மற்ற உயிரினங்களைப் போலவே அவையும் அதைப் பயன்படுத்துகின்றன. ஆகவே, விடிவதற்குள் குட்டையில் உயிர்வாயு குறைந்துவிடும்.

இத்தகைய இடத்தில் வாழ்வதற்கு ஏற்ற உடலமைப்பை இம்மீன்கள் பெற்றுள்ளன. உளுவை மீன்களின் வயிற்றுப்புறத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாக இணைந்து ஒரு சிறு கிண்ணம்போல் அமைந்திருக்கின்றன. அலை இழுத்துச் செல்லாதபடி பாறையில் பற்றிக்கொள்ள அது உதவுகிறது. பிளென்னி எனப்படும் மீன்களில் பெரும்பாலானவற்றுக்குச் செதில்கள் கிடையாது. வழவழப்பான தோலுடன் அவை குறுகிய பாறை இடுக்குகளில் எளிதாக நுழைகின்றன. அவற்றுள் சில, தோல் ஈரமாக இருக்கும்வரை நீருக்கு வெளியிலும் சிறிது நேரம் சுவாசிக்க வல்லவை. ஆயினும், இவை அனைத்துக்கும் அடிப்படையான தேவை ஒன்றுதான்: ஒதுங்குவதற்கு ஒரு கல்.

மீன் மனத்தில் ஒரு வரைபடம்

அமெரிக்க விலங்கியல் ஆய்வாளர் லெஸ்டர் ஆரன்சன், 1951ஆம் ஆண்டு ஒரு வியப்பான உண்மையை வெளியிட்டார். ஓதக் குட்டையில் வாழும் ஓர் உளுவை மீன், ஆபத்து நேரும்போது தன் குட்டையிலிருந்து துள்ளிப் பக்கத்துக் குட்டையில் சரியாக விழுகிறது. ஒரு குட்டைக்குள் இருந்து பார்த்தால் அடுத்த குட்டை கண்ணுக்குத் தெரியாது. குறி தவறினால் காய்ந்த பாறையில் விழுந்து இறக்க நேரிடும். அப்படியிருந்தும் அது எவ்வாறு சரியாகத் துள்ளுகிறது?

ஆரன்சன் செயற்கைக் குட்டைகளை அமைத்து ஆராய்ந்தார். நீர் ஏறியிருக்கும் வேளையில் அந்த மீன் பாறைகளின்மேல் நீந்திச் செல்கிறது. எங்கே பள்ளம், எங்கே மேடு என்பதை அப்போதே அறிந்துகொள்கிறது. நீர் இறங்கிய பிறகு அந்த நினைவைக் கொண்டே துள்ளுகிறது. ஒரே ஒருமுறை நீர் ஏறியபோது கற்றுக்கொண்டதை ஏறத்தாழ 40 நாள்கள் வரை அம்மீன்கள் நினைவில் வைத்திருந்தன என்பது அவருடைய பிற்கால ஆய்வில் தெரியவந்தது. அதே இனக்குழுவைச் சேர்ந்த உளுவைகள் சிங்கப்பூர்க் கரைகளிலும் வாழ்கின்றன.

மனிதர்களுக்குக் கரையில் கிடக்கும் கற்கள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். அந்த மீனுக்கோ ஒவ்வொரு கல்லும் ஓர் அடையாளம். தப்பிச் செல்லும் வழியைக் காட்டும் குறி. கற்களை இடம் மாற்றினால் மீன் கற்றுவைத்த வழியும் குழம்பிவிடும்.

கல்லின் இரு முகங்கள்

கரையில் கிடக்கும் ஒரு கல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. மேல்முகம் வெயிலையும் அலையையும் தாங்குகிறது. அங்கே பாசி வளர்கிறது. நத்தைகள் அதை மேய்கின்றன. அடிமுகம் நிழலும் ஈரமும் நிறைந்தது. அங்கே கடற்பஞ்சுகளும் புழுக்களும் சிறு நண்டுகளும் வாழ்கின்றன. மேலே இருப்பவற்றால் இருளில் வாழ முடியாது. கீழே இருப்பவற்றால் வெயிலில் வாழ முடியாது. கல்லைப் புரட்டி அப்படியே விட்டுச் சென்றால் இரு பக்கத்து உயிர்களும் மடியும்.

மீனின் அடுத்த தலைமுறையும் அந்த அடிமுகத்தில்தான் இருக்கிறது. பல உளுவைகளும் பிளென்னிகளும் தம் முட்டைகளைக் கல்லின் அடிப்பகுதியிலோ பாறை இடுக்கிலோ ஒட்டிவைக்கின்றன. முட்டை இட்டதும் பெண்மீன் சென்றுவிடும். ஆண்மீன் காவல் இருக்கும். துடுப்புகளை அசைத்து, முட்டைகளின்மீது புதிய நீர் பாயும்படி செய்யும். நெருங்கி வரும் எதிரிகளை விரட்டும். இந்த வேளையில் ஒருவர் கல்லைத் தூக்கினால், காவல் இருந்த மீன் அஞ்சி ஓடிவிடும். முட்டைகள் வெயிலில் காயும்; அல்லது நண்டுகளுக்கு இரையாகும். கல்லைத் தூக்கியவருக்கு இது எதுவுமே தெரியாமல் போகலாம்.

மெலிந்த மீன் சொல்லும் செய்தி

ஒரு கரையில் மீன்கள் இருக்கின்றன என்பதாலேயே அவை நலமாக இருக்கின்றன என்று கூறிவிட முடியாது. மீனின் நலத்தை அறிய ஆய்வாளர்கள் பல வழிகளைக் கையாளுகின்றனர். மீனின் நீளத்தை அளந்து, எடையையும் பார்க்கின்றனர். ஒரே வகையைச் சேர்ந்த, ஒரே நீளமுள்ள இரண்டு மீன்களில் ஒன்று எடை குறைந்திருந்தால், அதற்குப் போதிய உணவு கிடைக்கவில்லை என்று கருத இடமுண்டு. செவுள்களிலும் தோலிலும் ஒட்டுண்ணிகள் இருக்கின்றனவா, துடுப்புகள் கிழிந்திருக்கின்றனவா, குஞ்சுகள் போதிய அளவில் தென்படுகின்றனவா என்றும் ஆராய்கின்றனர். அளந்து முடித்த மீனைப் பிடித்த குட்டையிலேயே மீண்டும் விடுவது நல்ல ஆய்வாளரின் வழக்கம்.

கரை சீர்கெடும்போது மீனின் உடல் எவ்வாறு பாதிக்கப்படுகிறது? பலர் மிதித்து நடக்கும் பாறைகளில் பாசி தேய்ந்துபோகும். பாசி குறைந்தால் அதில் ஒளிந்து வாழும் சிற்றுயிர்கள் குறையும். மீனின் உணவும் குறையும். நிழல் தரும் கற்களும் பாசியும் இல்லாத குட்டையில் நீர் விரைவாகச் சூடேறும். சூடான நீரில் உயிர்வாயு குறைவாகவே கரைந்திருக்கும். ஆனால், அந்த வெப்பத்தில் மீனின் உடலுக்கோ முன்பைவிட அதிக உயிர்வாயு தேவைப்படும். அடிக்கடி ஆள் நடமாட்டம் இருந்தால், மீன் இரை தேடுவதை விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் ஒளிந்துகொள்ளும். ஆகவே, எவரும் அந்த மீனைத் தொடாவிட்டாலும் அது மெலியக்கூடும்.

கோவிட்-19 பரவிய காலத்தில் வெளிநாட்டுப் பயணங்கள் தடைப்பட்டன. அப்போது சிங்கப்பூர்க் குடும்பங்கள் பல, நீர் இறங்கும் வேளை பார்த்துக் கடற்கரைகளுக்குச் சென்றன. பிள்ளைகள் கடலுயிர்களை நேரில் கண்டு மகிழ்ந்தது நல்லதுதான். ஆனால், சிலர் வாளிகளில் நண்டுகளையும் மீன்களையும் சேகரித்தனர். ஒரு சிறிய வாளியில் உள்ள நீர், வெயிலில் மிக விரைவில் சூடாகிவிடும். அதில் ஒதுங்குவதற்குக் கல்லும் இல்லை. துள்ளிச் செல்ல அடுத்த குட்டையும் இல்லை.

எஞ்சியிருக்கும் பாறைக் கரை

சிங்கப்பூரின் பரப்பளவு 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்தது. இன்று அது 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நிலமீட்பினால் வீடுகளும் துறைமுகங்களும் விமான நிலையமும் அமைந்தன. நாட்டின் வளர்ச்சிக்கு இது தேவையாக இருந்தது. அதே வேளையில், இயற்கையான கரைகள் பலவும் மறைந்தன. இன்று சிங்கப்பூர்க் கடலோரத்தில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி கடற்சுவர்களால் ஆனது.

எஞ்சிய பாறைக் கரைகளுள் லாப்ரடார் குறிப்பிடத்தக்கது. அதன் வரலாறு ஏற்ற இறக்கங்களைக் கொண்டது. அப்பகுதிக் கடலில் முற்காலத்தில் மாலுமிகளுக்கு வழிகாட்டிய உயரமான பாறை ஒன்று இருந்தது. சீனக் கடலோடிகள் அவ்விடத்தை ‘டிராகனின் பல் வாயில்’ என அழைத்தனர். கப்பல் வழியை அகலமாக்குவதற்காக, பிரிட்டிஷ் ஆட்சியினர் 1848இல் அந்தப் பாறையை வெடிவைத்துத் தகர்த்தனர். 1951இல் லாப்ரடார் இயற்கைக் காப்பகம் ஆக்கப்பட்டது. 1973இல் அந்த நிலையை இழந்து, பூங்காவாக மாற்றப்பட்டது. 2002இல் மீண்டும் இயற்கைக் காப்பகம் என்னும் சட்டப் பாதுகாப்பைப் பெற்றது. தகர்க்கப்பட்ட பாறையின் மாதிரி ஒன்றும் 2005இல் அங்கே நிறுவப்பட்டது. பாறையின் உருவத்தை மீண்டும் அமைத்துவிடலாம். ஆனால், அதன் இடுக்குகளில் வாழ்ந்த உயிர்களை அவ்வாறு அமைக்க இயலாது.

செக் ஜாவாவும் மறையவிருந்த இடமே. அங்கே நிலமீட்பு செய்யத் திட்டமிடப்பட்டிருந்தது. அப்பகுதியின் கடலுயிர்வளத்தை அறிந்த இயற்கை ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் அதைப் பதிவுசெய்து, அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுசென்றனர். 2001 டிசம்பரில் அத்திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பாறைக் கரை, மணற்கரை, சதுப்புநிலக் காடு, கடற்புல் வெளி என ஆறு வகையான வாழிடங்கள் அங்கே அருகருகே இருக்கின்றன. 2007இல் அங்கு நடைபாலம் திறக்கப்பட்டது. இதனால், பார்வையாளர்கள் உயிர்களை மிதிக்காமலேயே மேலிருந்து காண முடிகிறது. தெற்கே உள்ள சிஸ்டர்ஸ் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளும் 2014இல் சிங்கப்பூரின் முதல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

மனிதர்கள் விலகி நின்றபோது

பாதுகாப்பினால் உண்மையிலேயே மாற்றம் ஏற்படுமா? இக்கேள்விக்குத் தென்னமெரிக்காவில் உள்ள சிலி நாட்டிலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. அங்கே லாஸ் குரூசஸ் என்னும் ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1982ஆம் ஆண்டு அந்நிலையத்தை ஒட்டிய பாறைக் கரையில் மக்கள் நுழைவதும் உயிரினங்களைச் சேகரிப்பதும் தடுக்கப்பட்டன. உயிரியலாளர் ஹுவான் கார்லோஸ் கஸ்டீயாவும் அவருடைய குழுவினரும் அங்கு நடந்த மாற்றங்களைத் தொடர்ந்து கவனித்தனர்.

மக்கள் விரும்பி உண்ணும் ‘லோக்கோ’ என்னும் பெரிய கடல்நத்தை அங்கே பெருகியது. லோக்கோ, சிப்பிகளை உண்பது. அதனால் பாறையை மூடியிருந்த சிப்பிகள் குறைந்தன. சிப்பிகள் இருந்த இடத்தில் வேறு உயிர்கள் ஒட்டி வளர்ந்தன. வேலிக்கு வெளியே இருந்த கரையிலோ பழைய நிலையே நீடித்தது.

இந்தச் சான்று இரண்டு கருத்துகளை உணர்த்துகிறது. மனிதரின் கை ஒரே ஓர் உயிரினத்தை எடுத்தாலும், அதன் விளைவு பாறை முழுவதும் பரவுகிறது. பாதுகாப்பு என்பது எல்லா உயிர்களின் எண்ணிக்கையையும் கூட்டிவிடும் மந்திரமும் அன்று; எது எதை உண்பது, எது எங்கே வாழ்வது என்னும் ஒழுங்கு மீண்டும் அமைய அது வாய்ப்பளிக்கிறது. மீன் உண்ணும் இரையும் ஒளியும் இடமும் அந்த ஒழுங்கைச் சார்ந்தே இருக்கின்றன.

வேலி தடுக்காத ஆபத்துகள்

கரைக்கு வேலி போடலாம். கடல்நீருக்கு வேலி போட முடியாது. 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஜோகூரில் பெருமழை பெய்து வெள்ளம் ஏற்பட்டது. ஏராளமான நன்னீர் ஜோகூர் நீரிணையில் கலந்ததால் கடலின் உப்பு குறைந்தது. செக் ஜாவாவில் கடற்சாமந்திகளும் நட்சத்திர மீன்களும் கடற்பஞ்சுகளும் பெருமளவில் மடிந்தன. பின்வந்த ஆண்டுகளில் பல உயிரினங்கள் மெல்ல மெல்லத் திரும்பின. வாழிடம் அழியாமல் இருந்ததால், நீரோட்டத்தில் மிதந்து வந்த இளம் உயிர்கள் தங்குவதற்கு இடம் கிடைத்தது. நிலமீட்பு நடந்திருந்தால் அவை திரும்பி வர அங்கே கரையே இருந்திருக்காது.

2024 ஜூன் 14ஆம் நாள், பாசிர் பாஞ்சாங் முனையத்தின் அருகே ஒரு படகு, நின்றுகொண்டிருந்த எண்ணெய்க் கப்பலில் மோதியது. ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. லாப்ரடார் கரையும் செந்தோசாவின் கடற்கரைகளும் தென்தீவுகள் சிலவும் எண்ணெயால் பாதிக்கப்பட்டன. மணலில் படிந்த எண்ணெயை மணலோடு சேர்த்து அள்ளி எடுத்துவிடலாம். பாறை இடுக்குகளிலும் கற்களுக்கு அடியிலும் புகுந்த எண்ணெயை எடுப்பது மிகக் கடினம். அலாஸ்காவில் 1989இல் நிகழ்ந்த பெரும் எண்ணெய்க் கசிவுக்குப் பின், இருபது ஆண்டுகள் கடந்தும் சில கரைகளில் கற்களுக்கு அடியில் எண்ணெய் தங்கியிருந்தது. மீன் ஒளிந்துகொள்ளும் இடமும் முட்டையிடும் இடமும் அதே அடிப்பகுதிதான்.

எனவே, காப்பகம் என்று அறிவிப்பது முதல் படி மட்டுமே. கப்பல்களின் பாதுகாப்பு, கழிவுநீரின் தூய்மை, கட்டுமானப் பணிகளால் கலங்கும் நீர் ஆகியவற்றையும் கவனித்தால்தான் கரையோர மீன்கள் நலமாக வாழும்.

சுவரிலும் ஒரு குழி

இழந்த பாறைக் கரைகளை முழுமையாக மீட்க முடியாது. ஆனால், இருக்கும் கடற்சுவர்களை உயிர்களுக்கு ஏற்றவையாக ஓரளவு மாற்றலாம். வழவழப்பான சுவரில் நீர் தங்குவதில்லை, நிழலும் இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குழிகளும் பள்ளங்களும் கொண்ட கான்கிரீட் பலகைகளைச் செய்து கடற்சுவர்களில் பொருத்தினார்கள். தட்டையான பரப்பைவிட அவற்றில் அதிக வகை உயிர்கள் குடியேறின. சிறிதளவு நீர் தங்கும் ஒரு குழிகூட ஓதப் பகுதி உயிருக்குப் புகலிடம் ஆகிறது.

கரைக்குச் செல்பவர்களும் எளிய சில பழக்கங்களால் உதவலாம். நீர் இறங்கும் நேரத்தை முன்கூட்டியே அறிந்து செல்வது நல்லது. பாதத்தை முழுவதும் மூடும் காலணி அணிவது அவசியம். கல்லைப் போலவே தோற்றமளிக்கும் நச்சு மீன்கள் சிங்கப்பூர்க் கரைகளில் உண்டு. பாசி படர்ந்த பாறையில் நடப்பதைத் தவிர்க்க வேண்டும். இயற்கைக் காப்பகங்களில் அனுமதியின்றி உயிரினங்களைப் பிடிப்பதும் எடுத்துச் செல்வதும் குற்றமாகும். கற்களைப் புரட்டாமல், குட்டையின் ஓரத்தில் அசையாமல் சில நிமிடங்கள் அமர்ந்திருந்தாலே போதும். மறைந்திருக்கும் உயிர்கள் தாமாகவே வெளியே வரும்.

செக் ஜாவாவில் வெயில் ஏறத் தொடங்குகிறது. தொலைவில் நின்ற நீர் மெல்லத் திரும்பி வருகிறது. சிறு குட்டையின் விளிம்பை முதல் அலை தொட்டதும், தட்டைக் கல்லுக்கு அடியிலிருந்து அந்த விரல் நீள மீன் வெளியே தலைநீட்டுகிறது. இன்னும் சற்று நேரத்தில் அது பாறைகளின்மேல் நீந்திச் சென்று, பள்ளம் மேடுகளை மீண்டும் ஒருமுறை பார்த்து வரும். கற்கள் எல்லாம் நேற்று இருந்த இடத்திலேயே இருக்கின்றன.